சிவப்புக் கோடு

போன வாரம் நாம் வெல்டர் வீட்டை விட்டு வந்தபோது, வாசலில் நின்ற சின்னக் கார் ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக உறுமியது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. வெல்டரின் மகள் பம்பரம் கைதட்டிக் குதித்தாள். அவளுடைய அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு ஓட்டம்.

காரைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினைந்து வருஷத்துக் குட்டிக் கார். உடம்புதான் குட்டி, உள்ளே இருக்கிற இன்ஜின் உடம்புக்கு மீறினது. கடைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வண்டி. அதைத்தான் ஆறு வாரமாகக் கோழியை உரிப்பது போல உரித்தார்கள். பின்சீட் போனது, தரைவிரிப்பு போனது, ஏசி போனது, ரேடியோ போனது. சத்தம் கேட்காமல் இருக்கத் தரைத்தகட்டில் ஒட்டியிருந்த தார்ப் படலத்தைப் பம்பரம் பத்து நாள் மண்டியிட்டுச் சுரண்டினாள். எடை குறைந்தால் வேகம் கூடும், அதைவிடச் சல்லிசான வழி கிடையாது என்பது அவள் கட்சி. ஸ்பிரிங்குகள் அடிபட்ட பந்தயக் கார் ஒன்றிலிருந்து வந்தவை. டயர்கள், அவள் வேலை செய்கிற டயர் கடையில் யாரோ பாதி தேய்த்துவிட்டுப் போனவை. பிரேக் மட்டும்தான் புத்தம் புதுசு. "நிக்கிற விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அந்த வீட்டில் பிரேக்கைப் பற்றி அவள் பேசினால் அதற்கு அப்பீல் இல்லை.

காருக்குள்ளே, ஓட்டுகிறவரைச் சுற்றி, இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. கார் உருண்டால் கூரை நசுங்கலாம், கூண்டு நசுங்கக் கூடாது. கடையில் வாங்கினால் கூண்டின் விலை காரின் விலையைத் தாண்டும். வீட்டிலேயே வெல்டரை வைத்துக்கொண்டு கடைக்கு எதற்குப் போவது? குழாயை வாங்கி, அளவெடுத்து, வளைத்து, இருபத்திரண்டு இணைப்பையும் அவரே பற்றவைத்தார்.

இத்தனையும் எதற்கு? நாளைக்கு ரேஸ் டிராக்கில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். ஆனால் நாளைக்கு ஒரு பந்தயக் குழுவின் மேலாளர் கடிகாரத்தோடு வந்து உட்காரப் போகிறார். மனசுக்குப் பிடித்த ஒரே ஒரு ஆளுக்கு, வருகிற வருஷம் முழுக்க ஓட்ட அவர்கள் கார் கொடுப்பார்கள். வயது இருபத்து மூன்றுக்குள் இருக்க வேண்டும். பம்பரத்துக்கு அடுத்த மாதம் இருபத்து மூன்று முடிகிறது.

காலை ஒன்பது மணிக்கு மச்சான் வந்து சேர்ந்தான்.

வெல்டரின் மனைவிக்கு ஒரே தம்பி. பெரிய பெரிய அழுத்தத் தொட்டிகள் செய்கிற தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். எதையும் சலிக்காமல் விடமாட்டான் என்பதால் வீட்டில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். தக்காளி வாங்கினால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "வெல்டிங் வராதவன் எல்லாம் இன்ஸ்பெக்டர் ஆயிடறான்" என்று வெல்டர் இருபது வருஷமாக அவனைக் கிண்டலடித்து வருகிறார். அவனும் இருபது வருஷமாகச் சிரித்து வருகிறான்.

இன்று அவன் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள்.

"என்ன மாமா, பெயிண்டா?" சக்கரத்து நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்த பம்பரம் தலையைத் தூக்கினாள்.

"பெயிண்ட் இல்லடி. வெல்டுக்கு வைக்கிற பரீட்சை. சிவப்பை அடிச்சு ஊற விடணும். துடைச்சுட்டு மேல வெள்ளையை அடிக்கணும். எங்கயாவது முடி அளவு வெடிப்பு இருந்தா, உள்ள போன சிவப்பு வெளிய வந்து கோடு போடும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரிஞ்சுரும்."



கண்ணுக்குத் தெரியாதது. அதைத்தான் வெல்டர் எட்டு மாதமாக மறைத்து வருகிறார்.

முதலில் வலது கண்ணில் ஆரம்பித்தது. நேரான குழாய் நடுவில் வளைந்து தெரிந்தது. பிறகு இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. கண் டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நடுப்புள்ளியே இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. சுற்றி இருப்பதெல்லாம் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும் தெரிவதில்லை. "வெல்டிங் வேலையை நிறுத்திடுங்க" என்றார் டாக்டர். வெல்டர் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, நேராகப் பட்டறைக்குப் போனார்.

கிரில்லும் கேட்டும் செய்கிற வரையில் பிரச்சினை இல்லை. கை தானாகப் போகும். கூண்டு அப்படி இல்லை. இருபத்தொரு இணைப்புகளைக் கைப்பழக்கத்திலும் காதிலும் ஓட்டிவிட்டார். நல்ல வெல்டு எண்ணெய் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் போடும். கடைசி இணைப்பில், ஓட்டுகிறவரின் இடது தோளுக்குப் பின்னால், சத்தம் விட்டு விட்டு வந்தது. படபடவென்று வெடித்தது. உலோகம் சரியாக ஒட்டவில்லை என்று அவருக்கு அப்போதே தெரியும்.

அறுத்துத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். திரும்பவும் தப்பாகிவிட்டால்? அவர் கிரைண்டரை எடுத்தார். கண்ணாடி போல வழவழவென்று தேய்த்தார். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார்.

இப்போது மச்சான் சுரண்டும் தகட்டோடு காருக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறான்.

"ஏய், என்ன பண்றே?"

"இணைப்புக்கு ஒரு விரல் அகலம் பெயிண்டை எடுக்கணும் அத்தான்."

"ரேஸ்காரன் குடுத்த பாரத்துல கையெழுத்துதானே கேட்டிருக்கான்? போட்டுட்டுப் போயேன்."

"வீட்ல செஞ்ச கூண்டுன்னா, சோதிச்சவன் கையெழுத்துப் போடணும்னு இருக்கு. பார்க்காம எப்படிப் போடறது?"

"முப்பது வருஷமா பத்தவைக்கிறேன். என் வெல்டுக்கு நீ மார்க் போடப் போறியா?"

"உங்க வெல்டுன்னு இல்ல அத்தான். யார் வெல்டா இருந்தாலும்…"

"கையை எடு!"

அந்தத் தெருவில் வெல்டர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பம்பரத்தின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்ன சத்தம்? ஏங்க, அவன் பார்த்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"என் மரியாதை குறைஞ்சு போயிடும்."

"அக்கா, நீ விடு." மச்சான் வெளியே வந்து தகட்டைக் காரின் மேல் வைத்தான். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. "சண்டை வேண்டாம் அத்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கூண்டு நல்லா இருக்குன்னு. உள்ள உக்காரப் போறது உங்க பொண்ணு. அதுல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்க வார்த்தைக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

வெல்டர் மகளைப் பார்த்தார். அவள் நின்ற இடத்தில் சாம்பல் பொட்டு. அதற்கு மேலே கொஞ்சம் முடி, கீழே கிரீஸ் படிந்த கை. கூண்டு இல்லை என்றால் நாளைக்கு ஓட்டம் இல்லை. நாளைக்கு இல்லை என்றால் அவளுக்கு எப்போதும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவளுடைய வருஷமும் தன்னுடைய தொழிலும் ஒரே நிமிஷத்தில் போய்விடும். கார் உருளுமா என்ன? நூற்றில் ஒரு கார் உருளுமா?

"நல்லா இருக்கு" என்றார்.

மச்சான் பானெட்டின் மேல் தாளை விரித்து, பேனாவை ஒரு தடவை உதறி, கையெழுத்துப் போட்டான்.

*

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். பம்பரம் காரில் முன்னால். பின்னால் பட்டறையின் சின்ன லாரி. அதை ஓட்டியது மனைவி. நடுவில் வெல்டர், ஓரத்தில் மச்சான். லாரியின் முதுகில் ஜாக்கி, உபரி டயர்கள், டூல் பெட்டி, கூடவே வெல்டிங் மிஷின்.

"மிஷின் எதுக்குங்க?" என்று ஏற்றும்போதே மனைவி கேட்டாள்.

"எதுக்கும் இருக்கட்டும்."

"எதுக்கு இருக்கட்டும்?"

எதற்கென்று அவருக்கே தெரியாது. கை தானாகத் தூக்கி வைத்தது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் மச்சான் பழையபடி ஆகிவிட்டான். கோபத்தை அதிக நேரம் வைத்திருக்கத் தெரியாதவன். "பாருக்கா, இண்டிகேட்டர் போட்டுட்டு எவ்வளவு ஒழுங்கா லேன் மாறுது! இதுவா நாளைக்குப் பறக்கப் போவுது?"

"ரோட்டுல அப்படித்தான் ஓட்டணும். என் பொண்ணு" என்றாள் மனைவி பெருமையாக.

வெல்டர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரோடு தெரிந்தது. இரண்டு பக்கத்து மரங்கள் தெரிந்தன. வானம் தெரிந்தது. முன்னால் போகிற கார் மட்டும் தெரியவில்லை. பொட்டுக்குள் எங்கேயோ இருந்தது. பொட்டுக்குள்ளேதான் அவருடைய மகள் இருந்தாள், இடது தோளுக்குப் பின்னால் அந்த இணைப்போடு.

"வண்டியை நிறுத்து" என்றார்.

மனைவி ஓரம் கட்டினாள். அவர் மச்சானைத் தாண்டி இறங்கி, சாலையோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலை. அதான்" என்றார்.

"நாளைக்கு ஓட்டப் போறது அவளா நீங்களா?" என்று சிரித்தான் மச்சான்.

சொல்லிவிடலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைக் கொப்பளித்துத் துப்பினார். திரும்ப ஏறி உட்கார்ந்தார்.

டிராக்கில் பரிசோதனைக் கொட்டகை முன்னால் பதினைந்து கார் வரிசை. பரிசோதகர் நெட்டையான மனிதர், பேச்சுக் குறைவு. சீட்டைப் பிடித்து ஆட்டினார். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா, இழுத்துப் போகும் கொக்கி இருக்கிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கூண்டு. உள்ளங்கையால் குழாயைத் தட்டினார். பாரத்தைப் படித்தார். இடது பக்க இணைப்பை விரலால் தடவினார்.

'கண்டுபிடி' என்று வெல்டரின் ஒரு மனசு கத்தியது. 'விட்டுடு' என்று இன்னொன்று.

"யார் செஞ்சது?"

"எங்கப்பா!" என்றாள் பம்பரம்.

"சுத்தமான வேலை" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார் அவர்.

பம்பரம் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கேட்டீங்களா? சுத்தமான வேலையாம்! ரெண்டு மணிக்கு டிராக்கைப் பழகிக்க அஞ்சு ரவுண்டு விடறாங்களாம். நான் போய்த் தயாராகறேன்."

அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. அவர் கை ஜில்லென்று இருந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, டிராக்கின் உள்பக்கத்திலிருந்து மீட்பு லாரி ஒன்று மெதுவாக வந்தது. அதன் மேல் ஒரு நீலக் கார். கூரை பள்ளமாக அமுங்கி, கண்ணாடிகள் நொறுங்கி, ஒரு கதவு தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணும் புல்லும் எங்கும் அப்பியிருந்தன. அதை ஓட்டியவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி லாரியின் பக்கத்திலேயே நடந்து வந்தான். நடு நடுவே தண்ணீர் குடித்தான். அவ்வளவுதான் அவனுக்கு ஆனது.

"மூணு தடவை உருண்டுச்சு" என்று பக்கத்தில் நின்ற மெக்கானிக் யாரிடமோ சொன்னார். "கூண்டு நின்னுச்சு. அதான் நடந்து வர்றான்."

நூற்றில் ஒரு கார். அது வெல்டரின் முகத்துக்கு நேராகப் போயிற்று.

அவர் ஓட ஆரம்பித்தார்.

வரிசையில் மூன்றாவதாக நின்றது குட்டிக் கார். முன்னால் நின்றவை ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. கொடி பிடித்த பெண் பம்பரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வெல்டர் கயிற்றுக்கு அடியில் புகுந்து, யாரோ "ஏய், ஏய், பெரியவரே!" என்று கத்தியதைக் கேட்காமல், காருக்கு முன்னால் போய் பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். இன்ஜினின் அதிர்வு முழங்கை வரை ஏறியது.

"அப்பா! என்ன பண்றீங்க? விலகுங்க!"

"இறங்கும்மா."

"கொடி காட்டிட்டாங்க அப்பா!"

"இறங்குடி! கூண்டு நல்லா இல்ல. நான் பொய் சொன்னேன். இறங்கு!"

*

கொட்டகைக்குப் பின்னால் காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பச்சை ஸ்டிக்கரைப் பரிசோதகரே வந்து நகத்தால் உரித்தெடுத்தார். நாளைய ஓட்டத்துக்கான பதிவு ஐந்து மணிக்கு மூடும் என்று மட்டும் சொன்னார். மணி இரண்டே கால்.

வெல்டர் எல்லாவற்றையும் சொன்னார். கண், டாக்டர், பொட்டு, கடைசி இணைப்பு, கிரைண்டர், பெயிண்ட். சொல்லும்போது தரையையே பார்த்தார். தரையும் நடுவில் இல்லை.

மச்சான் லாரியிலிருந்து துணிப்பையை எடுத்தான். இடது பக்க இணைப்பின் பெயிண்டைச் சுரண்டித் துடைத்தான். சிவப்பை அடித்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிஷம் நின்றான். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் வெல்டர் பாதி ஆயுளை வாழ்ந்து முடித்தார். ஒருவேளை நன்றாகவே இருக்கலாம். ஒருவேளை காது பொய் சொல்லியிருக்கலாம்.

மச்சான் சிவப்பைத் துடைத்தான். இரும்பு பளபளவென்று சுத்தமாக இருந்தது. வெள்ளையை மெல்லிசாகத் தூவினான். சுண்ணாம்பு அடித்தது போல ஆயிற்று.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளையில் ஒரு புள்ளி சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, குழாயின் பாதிச் சுற்றளவுக்கு ஒரு கோடாக நீண்டன.

"எனக்குத் தெரியலை" என்றார் வெல்டர். "இருக்கா?"

"இருக்கு அத்தான்."

"எவ்வளவு?"

மச்சான் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, கோட்டின் ஒரு முனையில் வைத்து, மெதுவாக மறுமுனை வரை இழுத்துக்கொண்டு போனான். விரல் போய்க்கொண்டே இருந்தது.

மனைவி அப்போதுதான் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தினம் முப்பது பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறேன். ஒரு பல்பு எரியலேன்னாலும் நான் வண்டியை எடுக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும். எட்டு மாசமா பக்கத்துல படுத்துட்டு, கண்ணு தெரியலேன்னு எங்கிட்ட சொல்லத் தோணலையா? நான் என்ன, உங்களை வேலையை விட்டு நிறுத்தற முதலாளியா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"என் தம்பியைப் பொய்க் கையெழுத்துப் போட வெச்சுட்டீங்க" என்றாள். பிறகு போய் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நிமிஷம் கழித்து லாரி பின்பக்கமாகக் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் இறங்கி, லாரியின் பின்கதவைத் திறந்து, வெல்டிங் மிஷினை இறக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா?"

"இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. யார் பத்தவைக்கப் போறீங்க?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

"நானா? டார்ச்சைத் தொட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு! அத்தான் சொல்ற மாதிரி, வராமத்தானே நான் இன்ஸ்பெக்டர் ஆனேன்!"

யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் நிமிர்ந்தார். "உனக்குக் கண்ணு இருக்கு. எனக்குக் காது இருக்கு. வா."

பேட்டரியின் வயரைக் கழற்றினார்கள். சீட்டை எடுத்தார்கள். மிஷினுக்குக் கொட்டகையிலிருந்து கரண்ட் வாங்கினார்கள். ஈரச் சாக்கைத் தரையில் விரித்தாள் பம்பரம். அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். அப்பாவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கிரைண்டரால் பழைய வெல்டை அடிவரை தோண்டி எடுத்தான் மச்சான். காருக்குள் இரண்டு ஆண்கள் முட்டியும் முழங்கையும் இடிக்க நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெல்டர் கையை மச்சானின் மணிக்கட்டின் மேல் வைத்தார். மச்சான் டார்ச்சை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"பயப்படாதே."

"நாளைக்கு இது உடைஞ்சா?"

"அந்தப் பயம் மனசுல இருக்கட்டும். கைக்கு வேண்டாம். அடி."

பொறி பறந்தது. படபடவென்று வெடித்தது.

"கிட்ட கொண்டு போ. இன்னும். சாய்க்காதே. வேகத்தைக் குறை. குறைடா!"

சத்தம் திடீரென்று சீரானது. எண்ணெய் பொரிவது போல ஒரே இழையாக ஓடியது. வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார். "இதான். இப்படியே போ. நிறுத்தாதே. போ, போ, போ."

பாதியில் ஒரு தடவை அறுந்தது. திரும்பத் தோண்டினார்கள். திரும்ப அடித்தார்கள். முடிந்தபோது மச்சானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மணி நாலு ஆக ஐந்து நிமிஷம்.

இரும்பு ஆற வேண்டும். சூட்டில் மருந்து வேலை செய்யாது. பம்பரம் ஓர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே நின்றாள். நாலு பத்து. நாலு இருபது. பரிசோதகர் கொட்டகையின் ஒரு பக்கக் கதவை இழுத்துச் சாத்தியது கேட்டது. மச்சான் நான்கு தடவை குழாயைத் தொட்டுப் பார்த்தான். நாலு இருபத்தைந்துக்குச் சிவப்பை அடித்தான். நாலு நாற்பதுக்குத் துடைத்தான். வெள்ளையைத் தூவினான்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

பரிசோதகர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது சரி. மீதி இருபத்தொண்ணு?"

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கலை" என்றார் பரிசோதகர். "வண்டி இன்னிக்கு இங்கயே நிக்கட்டும். காலையில ஆறு மணிக்கு எல்லா இணைப்பையும் என் முன்னால சோதிச்சுக் காட்டணும். ஒண்ணு சிவந்தாலும் வெளிய விட மாட்டேன். சாயங்காலம் வரை அழுதாலும் விட மாட்டேன்."

அவர் போனார். மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மனைவி டூல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள், வேண்டியதைவிட அழுத்தி.

வெல்டர் டயர் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ எதிரில் வந்து நின்றது தெரிந்தது. காலணியைப் பார்த்து யாரென்று தெரிந்தது.

"எட்டு மாசமா?" என்றாள் பம்பரம்.

"ம்."

"காலையில மாமா கேட்டப்ப ஏன்பா சொல்லலை?"

"சொன்னா நீ ஓட்ட முடியாதேம்மா."

"ஓட்டி, நான் உருண்டிருந்தா?"

டிராக்கில் கடைசிக் காரின் சத்தம் தேய்ந்து நின்றது.

"என் முகம் தெரியுதா உங்களுக்கு?"

பொய் சொல்லலாம் என்று பழக்கதோஷத்தில் நாக்கு எழுந்தது. "இல்லை" என்றார்.

அவள் வலது பக்கம் ஒரு அடி நகர்ந்தாள். "இப்ப?"

"இல்லை."

இன்னொரு அடி. "இப்ப?"

"கொஞ்சம்."

இன்னும் அரை அடி நகர்ந்தாள். ஓரத்தில், மங்கலாக, கன்னத்தில் கிரீஸோடு அவள் வந்து சேர்ந்தாள். கோபமாகத்தான் இருந்தாள். அழுதும் இருந்தாள். எட்டு மாதத்தில் அவர் மகளின் முகத்தை இப்படி நின்று நிதானமாகப் பார்த்ததில்லை.

"தெரியறே" என்றார்.

அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"நாளைக்கு நான் ஓட்டினா, எந்தப் பக்கம் நின்னா உங்களுக்குத் தெரியும்னு இப்பவே பார்த்து வெச்சுக்குங்க" என்றாள்.

ஓட்டினால், என்றாள். ஓட்டும்போது என்று சொல்லவில்லை. வெல்டர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு எழுந்தார். வேலியோரமாக, மகள் முன்னே நடக்க, இடம் தேடிக்கொண்டு போனார்.